கேட்டில் ஒதுங்கி நின்றவர்கள்

திண்டிவனத்துப் பக்கமிருந்து வந்த காலைப் பாசஞ்சரில் இறங்கிய மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒருவர், டிக்கெட்டை என் கையில் வைத்தபடியே, "சேதி தெரியுமாங்க? உங்க பழைய டி.சி. அருளப்பன் தவறிட்டாராம்" என்றார்.

நான் முதலில் டிக்கெட்டைப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. பிறகு ஆளைப் பார்த்தேன். "யாரு சொன்னது? நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "சாவுக்குக்கூட சாட்சி கேக்கறீங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். கேட்கத்தான் செய்வேன். விழுப்புரம் ஜங்ஷன் கேட்டில் டிக்கெட் கலெக்டராக நின்றே தலை நரைத்தவன் நான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அடுத்த வண்டியின் கார்டு இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதே சேதியைச் சொன்ன பிறகுதான் நம்பினேன். அதன் பிறகு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் டிக்கெட் கொடுத்தார்களா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

அருளப்பனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நம் ஸ்டேஷனில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து "தங்கமான மனுஷன்" என்றார்கள். அந்த வாய்களில் சில, ஒரு காலத்தில் அவரைப் பற்றி வேறு என்னென்னவோ பேசியவை. எந்தெந்த வாய் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

அருளப்பன் பிரம்மதேசம் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். அப்பாவும் தாய்மாமனும் ஒரு மிராசுதாரின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பாதிரிச் சாமியார் படிக்க வைத்து, மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் சேர்ந்தார். அந்தச் சேரியிலிருந்து கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் ஆள் அவர். வேலையில் எனக்குச் சில வருஷம் மூத்தவர், அதனால் நான் அண்ணே என்பேன். அவர் என்னைக் கோபாலு என்பார். கேட்டில் அவர் நிற்பதைப் பார்த்தால் ரயில்வேயே நிற்கிற மாதிரி இருக்கும். "வித்தவுட்டுல வர்றவன் உன் கண்ணைப் பாப்பான் கோபாலு. டிக்கெட்டு இருக்கிறவன் அவன் மடியைத்தான் பாப்பான்" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே நான் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு வார்த்தை உண்டு. யாராவது எதிர்பாராமல் வந்து நின்றால், "எங்கேர்ந்துடா மொளைச்ச?" என்பார். முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் கூடிக்கொண்டே போயிற்று. போர்ட்டர் முளைத்தான், தண்ணீர்க்காரன் முளைத்தான், நான் தினமும் வருகிற வழியிலேயே வந்து நின்றாலும் முளைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். போர்ட்டர்கள் அவருக்கு மொளைச்சான் டி.சி. என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பிறகு அவர் சிரிப்பது நின்றுபோயிற்று. பார்சல் தள்ளுவண்டி ஒன்று எப்போதும் சுவரோரமாகவே நிற்கும். ஒரு நாள் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த போர்ட்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "வேணும்னே கொண்டாந்து வெச்சியா? யாரு வெக்கச் சொன்னா?" என்று கத்தினார். "இது தினம் இங்கதாங்க நிக்குது" என்று அவன் பயந்துபோய்ச் சொன்னான். அதை அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம், "என்னை யாரோ வேவு பாக்கறானுங்க கோபாலு. பூனை மாதிரி பக்கத்துல வந்து நிக்கறானுங்க. காலடிச் சத்தம்கூட இல்லை" என்றார். ஜங்ஷன் இரைச்சலில் யாருக்குத்தான் காலடிச் சத்தம் கேட்கும்? ஆனால் அவர் சொன்ன விதத்தில் எனக்கே முதுகில் சில்லென்றது. நானும் அன்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அவர் ஊரைச் சந்தேகப்பட்டார். ஊர் அவரைச் சந்தேகப்பட்டது. மேம்பாலப் படியில் காலால் துழாவித் துழாவி இறங்குகிறாரே, ஊத்திக்கினு வந்திருக்கிறார் என்றார்கள். நான் வேலை மெனக்கெட்டுப் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். மூக்குப்பொடி வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. காபி டம்ளரைத் தட்டிவிட்டால் கை நடுக்கம் என்றார்கள். அவரோ ஊசியைக் கொடுத்தால் ஒரே தடவையில் நூல் கோர்ப்பார். கோட்டுப் பொத்தானைத் தானே தைத்துக்கொள்வார். மழைக்காலத்தில் ஒரு நாள் பிளாட்பாரத்து விளக்கைப் பார்த்து, "லைட்டைச் சுத்தி வானவில் தெரியுது பாத்தியா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பனியாக இருக்கும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

கண்ணில் கோளாறு என்று யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் உண்டு. ரயில்வேயில் எங்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும். எதிர்ச் சுவரில் அட்டையை மாட்டி எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். அந்த வருஷம் எனக்குக் கடைசி இரண்டு வரி தடுமாறியது. அருளப்பன் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடியெழுத்தில் இருந்த அச்சாபீஸ் பெயரையும் படித்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார். டாக்டரைக் குறை சொல்வதற்கில்லை. எதிரே இருப்பது தெரிகிறதா என்பதுதான் அந்தப் பரிசோதனை. எதிரே இருந்ததெல்லாம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஜில்லா மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய மனிதன் என்று ஒருவனை நினைத்துவிட்டால் அவன் எதிரே போய் நிற்கக் கூடாது. துண்டை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் ஒதுங்கி, அவனாகத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு அது மரியாதை. சேரி ஜனங்களுக்கு அது கட்டளை. மீறினால் என்ன கிடைக்கும் என்று அவர்கள் முதுகுக்குத் தெரியும். அருளப்பனுடைய ஜனங்கள், கோட்டு மாட்டிய தங்கள் பிள்ளைக்கும் அதே மரியாதையைத்தான் கொடுத்தார்கள். வேறு மரியாதை அவர்களுக்குத் தெரியாது.

அவருடைய தாய்மாமன் சவரிமுத்து வந்த நாளில் நான் பிளாட்பாரத்தில் இருந்தேன். மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வந்திருந்தார். ஒரு கையில் துணி முடிச்சு, ஒரு கையில் டிக்கெட். கேட்டுக்குப் பக்கவாட்டில், கம்பியோரமாக ஒதுங்கிக்கொண்டு, கூட்டம் முழுக்கப் போகட்டும் என்று நின்றார். கூட்டம் போயிற்று. டிக்கெட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். அருளப்பன் கேட்டைச் சாத்தினார், பொடி டப்பியை எடுத்து ஒரு சிட்டிகை போட்டார், மாமனுக்குக் கை எட்டும் தூரத்தில் நடந்து உள்ளே போய்விட்டார். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவர் நின்றுகொண்டே இருந்தார்.

நான் ஓடிப் போய், "கூப்பிடக் கூடாதா பெரியவரே?" என்றேன்.

"அவன் பக்கத்துலியே நின்னுக்கினு இருந்தேன். அவனே பாக்கலைன்னா நான் இன்னாத்துக்குங்க கூப்புடணும்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட்டை என் கையில் வைத்தார். "கோட்டு போட்டுக்கினா மாமன் தெரியாதுபோல" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கே திரும்பிப் போனார். அருளப்பன் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அழைப்பில்லாமல் எப்படிப் போவார்? "மாமன் எனக்குச் சொல்லாமயே கல்யாணம் பண்ணிட்டாரு" என்று என்னிடம் பொருமினார். நடந்ததை நான் சொன்னபோது, "பொய். மாமா வரவேயில்லை. வந்தா எனக்குத் தெரியாதா?" என்றார். நான் யார் சொல்வதையும் லேசில் நம்பாதவன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது அது நிஜமான கோபம் என்று பட்டது. மாமன் கண்ணில் தண்ணீரும் நிஜம்தான். அப்படியானால் இடையில் எது பொய் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த நேரத்தில்தான் புகார் கிளம்பியது. அருளப்பன் கேட்டில் நிற்கும் வேளையில் வித்தவுட் ஆட்கள் கூசாமல் போகிறார்கள், காசு கை மாறுகிறது என்று யாரோ மேலே ஓதிவிட்டார்கள். போவது உண்மைதான், நானே பார்த்தேன். சுவரை ஒட்டி நழுவினால் மொளைச்சான் பிடிக்க மாட்டார் என்று அந்தக் கூட்டத்துக்கு எப்படியோ தெரிந்திருந்தது. குற்றம் ருசுவானால் வேலை போய்விடும். வேலை போனால் போகிறது என்று விடக்கூடிய விஷயமில்லை அது. "சேரிக்காரனுக்குக் கோட்டு மாட்டினா இப்படித்தான்" என்ற பேச்சு அதற்குள் பார்சல் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. அந்தச் சேரியிலிருந்து இன்னொருவன் கோட்டு மாட்டுவதை அந்தப் பேச்சு ஒன்றே தடுத்துவிடும். அருளப்பனுக்கு அதுதான் பயம். "நான் திருடன்னு பேர் எடுத்தா என் ஜனம் முழுக்க திருடன்தான்" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார். வைத்தேன். அருளப்பன்மேல் எனக்கு இருந்ததைவிடப் புகார் கொடுத்தவன்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, யார் யார் அவரைத் தாண்டிப் போகிறார்கள் என்று கவனித்தேன். நழுவுகிறவர்கள் நழுவினார்கள். அவர்களுக்குப் பின்னால் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மாள் வந்தாள். பொம்மையார்பாளையத்துப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஓரமாக ஒதுங்கி டிக்கெட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கை வலிக்கிற வரைக்கும் நீட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது பேஜாரா போச்சி, குடுத்தா வாங்கமாட்டேன்றாரு" என்று டிக்கெட்டைக் கம்பிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சுரீர் என்றது. காசு வாங்கிக்கொண்டு விடுகிறவன் டிக்கெட் இல்லாதவனை விடுவான். டிக்கெட்டை நீட்டுகிறவளிடம் வாங்காமல் விடுவதில் யாருக்கு என்ன லாபம்? சவரிமுத்துவும் டிக்கெட்டைத்தான் நீட்டிக்கொண்டு நின்றார். நழுவினவர்கள், மாமன், கருவாட்டு அம்மாள் மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். யாரும் அவர் எதிரே போகவில்லை.

அதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. நடிக்கிறாரோ என்று ஒரு புழு அரித்தது. கார்டிடம் சிவப்புக் கொடியை வாங்கினேன். அருளப்பன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் பக்கத்தில் போய், அவர் காதோரமாகக் கொடியை விரித்துப் பிடித்தேன். சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற ரயில்காரன் இல்லை. உடம்பு தானாக எழுந்துவிடும். அவர் அசையவில்லை. கன்னத்துக்கு நேரே கொண்டு வந்தேன். பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மூக்குக்குக் கிட்டே வந்த பிறகு துள்ளி எழுந்து, "எங்கேர்ந்துடா மொளைச்ச?" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் மொளைக்கலைண்ணே. ரொம்ப நேரமா இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

அவர் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயுமா கோபாலு? என் கேட்டு வேலையும் உனக்கு வேணுமா? அதுக்காடா இந்த நாடகம்?" என்றார். கோபப்பட எனக்கு நேரமில்லை. அவர் எதிரே போய் நின்றேன். "என் மூக்கையே பாருங்க. வேற எங்கேயும் பாக்காதீங்க. என் கை ரெண்டும் எங்க இருக்கு?"

"பின்னால கட்டிக்கினு இருக்கிற."

நான் கைகளை இரண்டு பக்கமும் சிலுவை மாதிரி விரித்துக்கொண்டிருந்தேன். மெல்ல உள்பக்கமாகக் கொண்டு வந்தேன். என் தோளைத் தொடுகிற அளவுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் பேப்பரை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். திரும்பவும் எடுத்து விரித்து, கடைசிப் பக்கத்து விளம்பரத்தின் சின்ன எழுத்தைப் படித்துப் பார்த்தார். படிக்க முடிந்தது. "படிக்க முடியுதே கோபாலு" என்றார். குரல் குழந்தை குரல் மாதிரி இருந்தது.

வீட்டில் சொன்னபோது வேறொரு ஆபத்து வந்தது. அவர் மனைவி மதலேனம்மாள், "புரைதானே? பழுக்கட்டும். பழுத்தா எடுத்துடலாம்" என்றார். பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நம் பக்கத்தில் கண் மங்கினால் புரை. புரை என்றால் பழுக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கு அந்தப் பேச்சுமேலும் சந்தேகம். புரை விழுந்தவனுக்கு எழுத்துத்தான் முதலில் மறையும். இவருக்கு எழுத்து தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இது வேறு என்று சண்டை போட்டு, ரயில் பாஸ் எழுதி வாங்கி, பட்டணத்துக் கண் டாக்டர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் அட்டையைக் காட்டவில்லை. அருளப்பனைக் கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு என் விரலை எடுத்து என் கண்மேல் வைத்து அழுத்தச் சொன்னார், அதன் பிறகு அருளப்பன் கண்மேல். என்னுடையது திராட்சைப்பழம் போல அமுங்கியது. அவருடையது கோலிக்குண்டாக இருந்தது.

"கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வடியணும். இவருக்கு வடியாம தேங்கி, உள்ள இருக்கிற நரம்பை நசுக்குது. ஓரத்துலேர்ந்துதான் போகும். நடு கடைசியிலதான் போகும். இது பழுக்காது. காத்திருந்தா இருட்டிடும்" என்றார் டாக்டர். வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று சொன்னார். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். "அம்மாவுக்குக் கடைசியில கண்ணு தெரியலை. வயசாயிடுச்சின்னு விட்டுட்டோம்" என்றார் அருளப்பன்.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா இத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்டதற்கு அவர் சொன்னது எனக்கு மறக்காது. "ஒரு மூலை கறுப்பா தெரிஞ்சிருந்தா சந்தேகப்பட்டிருப்பேங்க. எல்லாம் முழுசாத்தான் தெரிஞ்சிது. ஆளுங்கதான் திடீர் திடீர்னு மொளைச்சாங்க."

திரும்பி வரும் வண்டியில் மேல்மருவத்தூர் தாண்டுகிற வரைக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஊர்ல ஒருத்தனை விடாம சந்தேகப்பட்டேன் கோபாலு. இந்த ரெண்டை மட்டும் விட்டுட்டேன்" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஜன்னலோரத்தில் ஒரு முறை தலையை முழுக்கத் திருப்பி, மறுபக்கம் ஒரு முறை திருப்பி, பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

விசாரணைக்கு மேலதிகாரி ஒருவர், வெள்ளைக்காரத் துரை, வந்தார். டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. அட்டையில் கடைசி வரி படித்தவனுக்குக் கண் இல்லையா என்றார். நான் துணிந்து, "தாங்கள் கொஞ்சம் கேட்டோரமாக ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும்" என்றேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூச்சே நின்றுவிட்டது. துரைக்கு அது வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, அருளப்பனுக்குத் தெரியாமல் கம்பியோரமாகப் போய், சவரிமுத்து நின்ற அதே இடத்தில் நின்றார். வண்டி வந்து கூட்டம் போயிற்று. அருளப்பன் கேட்டைச் சாத்தி, பொடி போட்டுக்கொண்டு, துரையைத் தாண்டிச் சலாம் போடாமல் உள்ளே போனார். துரைக்குச் சலாம் போடாமல் போவதற்குத் துணிகிற டி.சி. நம் லைனில் அந்தக் காலத்தில் கிடையாது. அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

திருடன் என்ற பேச்சு அத்தோடு நின்றது. கேட்டும் அத்தோடு போயிற்று. பின்கட்டு அறையில் உட்கார்ந்து வசூலான டிக்கெட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கட்டும் வேலை கொடுத்தார்கள். அவர் முணுமுணுக்கவில்லை. "பேரு தப்பிச்சிது, அது போதும்" என்றார். எனக்குத்தான் போதவில்லை. ஓதிவிட்டது யார் என்று இன்றுவரை துருவிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மாமனுக்கு யார் சாட்சி சொல்வது? அருளப்பன் என்னையும் கூட்டிக்கொண்டு சேரிக்குப் போனார். சவரிமுத்து முகம் கொடுத்துப் பேசவில்லை. "கண்ணு தெரியலையாம். பேப்பர் மட்டும் படிக்கத் தெரியுதாம். நல்லா இருக்குதுடா கதை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த மனிதரின் சந்தேகம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த விஷயத்தில் அவர் என் ஜாதி. இருந்தாலும் வந்தவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே, கேப்பைக் கூழை ஒரு கலயத்தில் ஊற்றி, பழக்க தோஷத்தில் அருளப்பனுக்குப் பக்கவாட்டில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

கலயம் வைக்கிற சத்தம் அருளப்பனுக்குக் கேட்டது. கை முதலில் எதிரே போயிற்று. அங்கே இல்லை. உள்ளங்கையைத் தரையில் பரப்பிக்கொண்டு மெல்ல மெல்ல ஓரமாகத் துழாவினார். சவரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மாறிவிட்டது.

"அக்காளும் இப்படித்தான் தேடும்" என்றார். "சோத்தை எதிர்ல வெக்கலைன்னா கையால தடவும். கெழவிக்குத் திமிரு, கிட்ட வெச்சாத்தான் துன்னும்னு திட்டிக்கினு இருந்தோம்."

எழுந்து சுற்றி வந்து, கலயத்தை எடுத்து அருளப்பன் கையில் கொடுத்தார். "அப்ப உனுக்குத் தெரியணும்னா எதிர்லதான் நிக்கணுமா?"

"எதிர்லதான் நிக்கணும் மாமா."

"நான் யாரு எதிர்லியும் நின்னதில்லடா" என்றார் சவரிமுத்து. அப்படிச் சொல்லிக்கொண்டே எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

சீக்கிரமே வேலையை விட்டு விலகி, அருளப்பன் திண்டிவனத்தில் குடியிருந்தார். யுத்தத்தில் சொட்டு மருந்து வருவது தடைப்பட்ட மாதங்களில் ஓரம் இன்னும் குறுகியது. ஊதாங்குழல் வழியாகப் பார்க்கிற மாதிரி என்பார். நான் போனால் என் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பார். "முதல்ல மீசை வருது, அப்பறம் மூக்கு, அப்பறம்தான் நீ வர்ற" என்று சிரிப்பார். பிறகு ஒரு கண் முழுக்க அணைந்தது. "இது ஜல்தியாப் போகலை, பாத்துக்கோ" என்பார் மற்றக் கண்ணைக் காட்டி. சேரியிலிருந்து யாராவது எப்போதும் வந்துகொண்டிருந்தார்கள். கதவோரம் நிற்காமல், நேரே போய் முகத்துக்கு எதிரே நின்று, "நான்தாண்டா" என்பார்கள்.

அந்தப் பழக்கம் அத்தோடு நிற்கவில்லை. களத்தில் கூலி வாங்கப் போன சவரிமுத்து மிராசுதாருக்கு நேர் எதிரே போய் நின்றாராம். "என்னடா எதிர்ல வந்து நிக்கிற? எவன் கத்துக்குடுத்தான்?" என்று அவர் கேட்டாராம். "பழக்கமாயிடுச்சிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகராமல் நின்றாராம். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் நகரவில்லையாம். மிராசுதார் யார்மேலெல்லாமோ சந்தேகப்பட்டார், பட்டணத்திலிருந்து யாரோ வந்து தூண்டிவிடுகிறார்கள் என்று விசாரித்தார். ஒரு குருடன்தான் காரணம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. இதைச் சொல்லும்போது அருளப்பன் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன்.

அடக்கத்துக்கு நம் ஸ்டேஷன் ஆட்கள் பலர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முந்திக்கொண்டு மாலை போட்ட ஒருவர்மேல் எனக்கு இன்னும் கண் இருக்கிறது. பெட்டியை மூடும் முன்பு பெரிய மனிதர்கள் முன்னால் நிற்க, சேரி ஜனங்கள் பின்னால் இருந்தார்கள். சவரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கால்மாட்டில், முகத்துக்கு நேராக நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. "அருளப்பா, எதிர்லதான் நிக்கிறேன்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, காதோரத்திலிருந்து விரலை முன்னால் கொண்டு வந்து பார்க்கிறேன். ஊரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் சந்தேகப்பட்டுவிடுகிறேன். உங்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன். இன்னொன்று, வண்டி போய்க் கூட்டம் கலைந்து கேட்டைச் சாத்தும் முன்பு, தலையை முழுக்கத் திருப்பி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்க்கிறேன். டிக்கெட்டை நீட்டிக்கொண்டு யாராவது ஒதுங்கி நிற்கிறார்களா என்று. இன்னும் நிற்கிறார்கள்.